ஞானஸ்நானத்துக்கு முன்னா, பின்னா? ஆமிஷ் களத்தில் ஒரு காதல் மர்மக் கதை

அமெரிக்காவில் குதிரை வண்டியும் பண்ணையுமாகப் பழைய முறையில் வாழும் கிறிஸ்தவப் பிரிவினர் ஆமிஷ் மக்கள். அந்தச் சமூகத்தைக் களமாக வைத்துக் காதலும் மர்மமும் கலந்த கதை எழுத உட்காருகிறவர், வில்லனைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும். கதாநாயகி ஞானஸ்நானம் பெற்றவளா, இன்னும் பெறாதவளா? இதைத் தீர்மானிக்காமல் தொடங்கிய கதை நடுவழியில் நொண்டும். அவள் யாரைக் காதலிக்கலாம், எந்தக் கூட்டத்தில் உட்காரலாம், வீட்டை விட்டுப் போனவள் திரும்பி வந்தால் அம்மாவோடு ஒரே மேசையில் சாப்பிட முடியுமா என்பது வரை எல்லாம் அந்த ஒரு சடங்கைப் பொறுத்தது.

ஆமிஷ் பிள்ளைகளுக்குக் குழந்தைப் பருவத்தில் ஞானஸ்நானம் கிடையாது. விவரம் தெரிந்த வயதில் தானே விரும்பி ஏற்பதுதான் ஞானஸ்நானம் என்று 1525இல் சூரிச்சில் தொடங்கிய அனபாப்டிஸ்ட் இயக்கத்தின் வழிவந்தவர்கள் இவர்கள். இவர்களுக்குப் பெயர் தந்த யாக்கோப் அம்மான் 1693இல் தனியே பிரிந்தபோது, கட்டுப்பாட்டை மீறியவர்களை ஒதுக்கிவைப்பதில் எவ்வளவு கறாராக இருப்பது என்பதே பெரிய சச்சரவாக இருந்தது. இன்றைக்கும் 16 வயதில் ‘ரும்ஷ்பிரிங்கா’ என்ற, ஞானஸ்நானத்துக்கு முந்தைய இளமைப் பருவம் தொடங்குகிறது. பெரும்பாலோர் 18க்கும் 22க்கும் இடையில் முழங்காலிட்டு ஞானஸ்நான வாக்குக் கொடுக்கிறார்கள். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் சபையிலேயே தங்கிவிடுகிறார்கள். வாக்குக் கொடுக்காமலே வெளியேறும் பெண்ணுக்காகப் பெற்றோர் அழுவார்கள், ஆனால் அவள்மேல் விலக்கு எதுவும் விழாது. வாக்குக் கொடுத்து மூன்றே வாரத்தில் வெளியேறினாள் என்றால் ஒதுக்கிவைப்பார்கள்.

அந்த ஒதுக்கல் எப்படி நடக்கிறது என்பதைக் கிட்டத்தில் போய்ப் பார்த்து எழுத வேண்டும். வீட்டுக்குள் வர விடாமல் கதவைச் சாத்துவதெல்லாம் சினிமாத்தனம். வரலாம், பேசலாம், உட்காரலாம். சாப்பாட்டு நேரத்தில்தான் தனி மேசை. சில வீடுகளில் இரண்டு மேசைகளைச் சிறிய இடைவெளி விட்டுப் போட்டு, மேலே ஒரே விரிப்பை விரித்துவிடுவார்கள். பார்ப்பவருக்கு ஒரே பந்தியாகத் தெரியும். விரிப்புக்கு அடியில் பலகை எங்கே முடிகிறது என்பது அங்கே உட்கார்ந்தவருக்குத் தெரியும். அவர் கையிலிருந்து நேராக எதையும் வாங்கமாட்டார்கள். மேசைமேல் வைத்தால் எடுத்துக்கொள்வார்கள். அவர் ஓட்டும் காரில் ஏறமாட்டார்கள். இந்தக் கடைசி விதியை வைத்தே ஓர் அத்தியாயம் எழுதலாம். அடிபட்டுக் கிடக்கும் மகள், வீட்டு வாசலில் ஒதுக்கப்பட்ட அண்ணனின் கார், அப்பாவின் ஒரு கணத் தயக்கம். உயிருக்கு ஆபத்து என்றால் ஏறிவிடுவார், சபையும் புரிந்துகொள்ளும். ஆனாலும் அந்தத் தயக்கம் உண்மையானது. துப்பாக்கிச் சத்தத்தைவிட வாசகரை அதிகம் பதறவைக்கக் கூடியது.

அடுத்து இடம். ‘ஒரு ஆமிஷ் கிராமம்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் வேலைக்கு ஆகாது. மதில் கட்டிய தனிக் கிராமம் என்று ஒன்றும் கிடையாது. வெளியார் பண்ணைகளுக்கு நடுவேதான் அவர்களுடைய பண்ணைகளும் இருக்கின்றன. சுமார் 4 லட்சம் பேர். பெரிய குடியிருப்புகள் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர், ஓஹாயோவின் ஹோம்ஸ், இந்தியானாவின் எல்க்ஹார்ட்–லக்ரேஞ்ச் பகுதிகளில். 20 முதல் 40 குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு சபை வட்டம். அதற்கு ஒரு பிஷப், இரண்டு போதகர்கள், உதவி ஊழியராக ஒரு டீக்கன். எதைச் செய்யலாம், எதைக் கூடாது என்ற எழுதாச் சட்டமான ‘ஓர்ட்னுங்’ வட்டத்துக்கு வட்டம் மாறும். குதிரை வண்டியின் நிறமே மாறும். லங்காஸ்டரில் சாம்பல் நிறக் கூண்டு, ஓஹாயோவிலும் இந்தியானாவிலும் கறுப்பு, பென்சில்வேனியாவின் மிஃப்லின் பகுதியில் மஞ்சள் கூண்டு ஒரு பிரிவுக்கு, வெள்ளைக் கூண்டு இன்னொரு பிரிவுக்கு. லங்காஸ்டரில் ஒரு சாட்சி ‘ராத்திரி கறுப்பு வண்டி ஒண்ணு போச்சு’ என்று சொன்னால் அதுவே துப்பு. மிகக் கறாரான ஸ்வார்ட்சென்ட்ரூபர் பிரிவில் மெதுவாகப் போகும் வண்டிக்கான ஆரஞ்சு முக்கோணத்தைக்கூட மாட்டமாட்டார்கள்.

பெயர்களும் அப்படித்தான். லங்காஸ்டரில் ஸ்டோல்ட்ஸ்ஃபஸ், கிங், ஃபிஷர், பைலர். ஹோம்ஸில் மில்லர், யோடர், ட்ராயர். குடும்பப் பெயர்கள் குறைவு, சூட்டும் பெயர்கள் அதைவிடக் குறைவு. 1998இல் மோட்டார் சைக்கிள் கும்பல் ஒன்றிடமிருந்து கோகெய்ன் வாங்கி விற்றதாக லங்காஸ்டரில் இரண்டு ஆமிஷ் இளைஞர்கள்மேல் வழக்குப் பாய்ந்தது. இருவருக்கும் ஒரே பெயர், ஒரே குடும்பப் பெயர். உறவுக்காரர்களும் இல்லை. இதைக் கதாசிரியர் கற்பனையில் எழுதியிருந்தால் யாரும் நம்பமாட்டார்கள். அதனால்தான் அங்கே பட்டப்பெயர் இல்லாமல் யாரையும் அடையாளம் சொல்ல முடியாது. மிரட்டல் கடிதம் தவறான ஆளுக்குப் போய்ச் சேர்வதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

இப்போது காலண்டர். இந்த வகைக் கதைக்கு ஆண்டவனே போட்டுக்கொடுத்த அத்தியாய வரிசை அது. வசந்தத்தில் அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்துச் சடங்கு முடிந்ததும் ஞானஸ்நான வகுப்பு தொடங்கும். 1632இல் எழுதிய டோர்ட்ரெக்ட் விசுவாச அறிக்கையின் 18 பகுதிகள், அமர்வுக்கு இரண்டு வீதம் ஒன்பது அமர்வுகள். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறுதான் ஆராதனை என்பதால் கோடை முழுக்க ஓடும். சபையார் முதல் பாட்டை இழுத்து இழுத்துப் பாடிக்கொண்டிருக்கும்போது, போதகர்கள் வகுப்புப் பிள்ளைகளைத் தனியறைக்கு அழைத்துப் போய்ப் பேசுவார்கள். ஞானஸ்நானத்துக்கு முந்தைய சனிக்கிழமை கடைசி முறையாகக் கேட்பார்கள்: வாக்குக் கொடுத்துவிட்டு மீறுவதைவிடக் கொடுக்காமல் இருப்பது மேல், விலக வேண்டுமானால் இப்போதே விலகலாம். கதாநாயகி ஒரு ரகசியத்தைச் சுமந்துகொண்டு அந்த அறையில் நிற்பதைவிடப் பெரிய இறுக்கம் இந்தக் களத்தில் வேறு எதுவும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

செப்டம்பர் வாக்கில் ஞானஸ்நானம், அக்டோபரில் திருவிருந்து, அதற்குப் பின் கல்யாண ஓலை வாசிப்பு, அதாவது யாருக்கு யாரோடு கல்யாணம் என்று சபையில் அறிவிப்பது. லங்காஸ்டரில் கல்யாணங்கள் பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில், செவ்வாயும் வியாழனும். ஓலை வாசிக்கும் வரை காதல் ரகசியம். ஞாயிறு இரவு இளைஞர் பாட்டுக்கூட்டம் முடிந்ததும் பையன் தன் திறந்த வண்டியில் பெண்ணை வீட்டில் கொண்டுபோய் விடுவான். அம்மா தோட்டத்தில் வழக்கத்துக்கு மீறி செலரி என்ற தண்டுக்கீரையை நட்டிருந்தால் அக்கம்பக்கத்தார் கண்டுபிடித்துவிடுவார்கள். 200 முதல் 400 விருந்தாளிகளுக்குக் குழம்பாகவும் பச்சையாகவும் செலரி வேண்டும், மேசையில் ஜாடிகளிலும் நிற்கும். கதையில் யாரோ ஒருவன் இரவோடு இரவாக அந்தப் பாத்தியை மிதித்து நாசமாக்குகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணம் இருப்பது வெளியாருக்குத் தெரியாது; எனவே வீட்டாரோ செலரியைப் பார்த்து ஊகித்த அக்கம்பக்கத்தாரோதான் செய்திருக்க முடியும். சந்தேகப் பட்டியல் நான்கு பேருக்குச் சுருங்கிவிடும்.

அதே செப்டம்பரில்தான் மக்காச்சோளத் தட்டையை நறுக்கி சைலோ என்ற உயரமான தீவனக் கோபுரத்தில் ஊதி நிரப்புவார்கள். விபத்து மாதிரி தோன்றும் கொலைக்குப் பலரும் குதிரையையோ ஏணியையோ தேடிப் போகிறார்கள், சைலோவைக் கவனிப்பதில்லை. நிரப்பிய முதல் மூன்று வாரம் தீவனம் நொதிக்கும்போது நைட்ரஜன் டை ஆக்சைடு கிளம்பும். காற்றைவிடக் கனமான வாயு. தீவனத்தின் மேற்பரப்பில் தேங்கி, இறக்குகுழாய் வழியாகத் தொழுவத்துக்குள்ளும் வழியும். மஞ்சளும் செம்பழுப்புமாகத் தெரியலாம், சலவை ப்ளீச் வாடை அடிக்கும். விவரம் தெரிந்த விவசாயி, தீவனத்தை மேலே ஊதி ஏற்றும் இயந்திரமான ஊதியை வெகுநேரம் ஓடவிட்டுக் காற்றை மாற்றாமல் உள்ளே ஏறமாட்டார். மர்மக் கதைக்கு இதில் இன்னொரு கொடிய வசதி உண்டு. உள்ளே போய் லேசாக இருமிவிட்டு இறங்கியவர், ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லி இரவுச் சாப்பாடும் முடித்துப் படுக்கப் போகலாம். பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து மூச்சு நிற்கும். அதற்குள் ஊதியை நிறுத்தியவன் பத்து மைல் தள்ளி இருப்பான். இதைப் பயன்படுத்தும் கதையில் வயது முதிர்ந்த விவசாயி ஒருவராவது அந்த வாடையைக் கண்டுகொள்ள வேண்டும். தலைமுறைகளாகப் பண்ணை பார்த்தவர்களை ஒன்றும் அறியாதவர்களாகக் காட்டுவது அவமரியாதை.

குதிரை வண்டித் துரத்தல் காட்சிகளில் நடக்கும் பிழைகள் ஏராளம். இழுப்பவை பெரும்பாலும் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற ஸ்டாண்டர்ட்பிரெட் இனக் குதிரைகள். வழக்கமான ஓட்டம் மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் சுற்றி. நாளொன்றுக்கு முப்பது கிலோமீட்டர் என்பதே கனமான வேலை. நாலுகால் பாய்ச்சலில் வண்டியைப் பத்து மைல் ஓட்ட முடியாது. காரோடு போட்டி போடவே முடியாது. பயத்தை வேறு இடத்தில் தேடுங்கள். பின்னால் ஒரு கார் முந்தாமல் ஒரே வேகத்தில் வந்துகொண்டே இருக்கிறது. வண்டியின் 12 வோல்ட் பேட்டரி விளக்கு மங்குகிறது. திரும்பிப் பார்க்கக் கூண்டின் பின்புறச் சிறு ஜன்னல்தான் உண்டு. சேணத்தில் கை வைப்பதானால் குதிரையின் பின்தொடையைச் சுற்றி வரும் வாரைச் சொல்லலாம். இறக்கத்தில் வண்டி குதிரைமேல் ஏறிவிடாமல் தாங்குவது அதுதான். உட்பக்கமாகப் பாதி அறுத்து வைத்தால் சமதரையில் ஒன்றும் தெரியாது. முதல் இறக்கத்தில் அறுந்து, வண்டி பின்னங்காலில் இடித்ததும் குதிரை மிரண்டு உதைக்கும். வண்டியில் பிரேக் இருந்தால் சுதாரித்துவிடலாம் என்பதால், எந்த வட்டத்து வண்டி, பிரேக் உண்டா என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

வீட்டுக்குள் நடக்கும் இரவுக் காட்சிக்கு விளக்கு முக்கியம். லங்காஸ்டரில் சிறு மரப்பெட்டிக்குள் புரொபேன் சிலிண்டரை வைத்து, மேலே மேண்டில் விளக்கைப் பொருத்தி, சக்கரத்தில் தள்ளிக்கொண்டு போவது நெடுநாள் வழக்கம். இப்போது பேட்டரி விளக்குகள் பல வீடுகளில் அதன் இடத்தைப் பிடித்துவிட்டன. கேஸ் விளக்கு விடாமல் சீறிக்கொண்டே இருக்கும், கோடையில் அனலும் அடிக்கும். அந்தச் சீற்றத்தில் வெளியே நடக்கும் காலடி கேட்காது. அணைத்த கணத்தில்தான் கேட்கும்.

தொலைபேசி அறவே இல்லை என்று நினைத்து எழுதுவதும் தப்பு. வீட்டுக்குள் கூடாது; பாதை முனையில் பல குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும் சிறு கொட்டகையில் ஒன்று இருக்கும். வாய்ஸ்மெயிலும் பொது. வில்லன் விட்டுப் போன மிரட்டலைக் கதாநாயகிக்கு முன்பே பக்கத்துப் பண்ணைக்காரர் கேட்டிருப்பார். மறைப்பதற்கு வசதியான ஊர் என்று வெளியிலிருந்து தோன்றும் இடத்தில் எதையுமே மறைக்க முடியாது என்பது கதைக்குப் பெரிய பலம்.

மாஃபியாவுக்கு எதிராகச் சாட்சி சொன்ன பெண்ணை ஆமிஷ் வீட்டில் ஒளித்துவைப்பது இந்த வகையில் அடித்துத் துவைத்த கரு. உடையை மாற்றினால் போதும் என்று நினைக்கிறார்கள். பெண்கள் உடையில் பொத்தானுக்குப் பதில் குண்டூசி. பழகாத கை பத்து நிமிடத்தில் குத்திக்கொள்ளும். ஒளிந்திருப்பவன் ஆணென்றால், கல்யாணமானவனுக்கு மீசை இல்லாத தாடி வேண்டும், விரலில் மோதிரம் இருந்த வெளுத்த வளையம் இருக்கக் கூடாது. வீட்டுப் பேச்சு பென்சில்வேனியா டாய்ச் என்ற ஜெர்மன் வழிவந்த மொழி. பள்ளிக்கூடம் போகாத சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சரியாக வராது. எல்லாவற்றுக்கும் மேலாக, பத்திரிகை. ஓஹாயோவின் ஷுகர்க்ரீக்கிலிருந்து 1890 முதல் வரும் ‘தி பட்ஜெட்’, 1975இல் லங்காஸ்டரிலிருந்து தொடங்கிய ‘டீ போட்ஷாஃப்ட்’ இரண்டிலும் ஒவ்வொரு குடியிருப்பிலிருந்தும் ஒருவர் கடிதம் எழுதுவார். மழை, விளைச்சல், யார் வீட்டில் ஆராதனை, யார் ஏணியிலிருந்து விழுந்தார், எந்த வீட்டுக்கு எங்கிருந்து விருந்தாளி. ‘இன்னார் வீட்டில் இந்தியானாவிலிருந்து வந்த உறவுப் பெண் இரண்டு மாதமாகத் தங்கியிருக்கிறாள், பால் கறக்கக் கற்றுக்கொள்கிறாள்’ என்று கள்ளம் கபடமில்லாமல் ஒரு கிழவி எழுதும் ஒரே வரி போதும், தேடுகிறவன் வந்து நிற்பான். ஆமிஷ் வீட்டுப் பெண்ணுக்குப் பால் கறக்கக் கற்றுக்கொடுக்க வேண்டுமா என்று அவன் யோசித்துப் பார்த்தால் ஆயிற்று.

புகைப்படம் எடுத்துக்கொள்வதில்லை என்ற வழக்கமும் கதையில் இரு பக்கமும் வெட்டும். 2014இல் நியூயார்க் மாநிலத்தின் வடகோடியில் இரண்டு ஆமிஷ் சிறுமிகள் கடத்தப்பட்டபோது வெளியிடப் படமே இல்லை. அவர்கள் மொழி தெரிந்த ஓவியர் ஒருவர் மூத்தவளைக் கோட்டோவியமாக வரைந்து கொடுத்தார். கடத்தப்பட்ட மறுநாளே இருவரும் உயிரோடு வீடு திரும்பினார்கள்.

ஆமிஷ் மக்கள் போலீஸைக் கூப்பிடவே மாட்டார்கள் என்பதும் அரைகுறையான தகவல். தீப்பிடித்தால் அந்தக் கொட்டகைத் தொலைபேசியிலிருந்துதான் அவசர எண்ணை அழைக்கிறார்கள். லங்காஸ்டரின் தன்னார்வத் தீயணைப்புப் படைகளில் ஆமிஷ் ஆண்கள் நிறைய உண்டு, வண்டியை மட்டும் வேறொருவர் ஓட்டுவார். 2011இல் ஓஹாயோவின் பெர்க்ஹோல்ஸ் குழுவினர் மற்ற ஆமிஷ் வீடுகளுக்குள் புகுந்து ஆண்களின் தாடியையும் பெண்களின் கூந்தலையும் வெட்டியபோது, பாதிக்கப்பட்டவர்கள் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்கள். 2012இல் 16 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. வெறுப்புக் குற்றம் என்ற பகுதியை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014இல் ரத்து செய்தது. அவர்கள் தவிர்ப்பது தாமாக வழக்குப் போடுவதையும் பழிவாங்குவதையும். சாட்சிக் கூண்டில் சத்தியம் செய்யமாட்டார்கள், உறுதிமொழி கூறுவார்கள். எதிராளி சுட வந்தாலும் திருப்பிச் சுடமாட்டார்கள். வேட்டைத் துப்பாக்கி பல வீடுகளில் இருந்தும் இதுதான் நிலை. உச்சக்கட்டத்தில் கதாநாயகி துப்பாக்கியைத் தூக்குகிறாள் என்றால், அவள் எந்த வாக்கை உடைக்கிறாள் என்பதை ஐம்பது பக்கம் முன்பே வாசகர் உணர்ந்திருக்க வேண்டும்.

இந்த வகைக் கதைகள் தவறவிடும் முக்கியமான இடம் சபையின் பாவ அறிக்கை. தவறு செய்தவரை முதலில் டீக்கன் போய்ப் பார்ப்பார். தவறின் கனத்தைப் பொறுத்து உட்கார்ந்தபடியோ முழங்காலிட்டோ சபைமுன் ஒப்புக்கொள்ள வேண்டும். கனமான தவறுக்கு ஆறு வாரம் விலக்கு. அது முடிந்து ஏற்றுக்கொண்டபின் விஷயம் முடிந்தது, அதைப் பற்றி யாரும் பேசக் கூடாது. பாதிக்கப்பட்டவளும் பேசக் கூடாது. அதே ஆராதனையில் அதே ஆளுக்கு எதிர்ப்புற வரிசையில் உட்கார வேண்டும். இந்த மன்னிப்பு பொய்யானது என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். 2006 அக்டோபர் 2ஆம் தேதி லங்காஸ்டரின் நிக்கல் மைன்ஸ் ஆமிஷ் பள்ளியில் ஐந்து சிறுமிகளைக் கொன்றவனின் குடும்பத்தைத் தேடிப்போய் ஆறுதல் சொன்ன மக்கள் அவர்கள். அதைக் கதைக்கு அலங்காரமாக எடுத்து ஒட்டுவது கூடாது. ஆனால் மன்னிப்பு கடமையாகும்போது உண்மையைச் சொல்ல இடமில்லாமல் மூச்சு முட்டும் ஒருத்தி இருப்பாள். அவளுடைய அச்சத்தை எழுதுவதுதான் இந்தக் களத்தில் ஒரு கதாசிரியர் செய்யக்கூடிய நேர்மையான வேலை. இங்கேயும் ஞானஸ்நானம் குறுக்கே வரும். இந்த அறிக்கைகள் ஆராதனைக்குப் பின் சபையார் கூட்டத்தில் நடக்கும். ஞானஸ்நானம் பெறாதவர்கள் எழுந்து வெளியே போய்விட வேண்டும். கதாநாயகன் ஞானஸ்நானம் பெற்றவன், கதாநாயகி பெறாதவள் என்றால், கொலைக்கு முந்தைய வருடம் யார் எதற்காக முழங்காலிட்டார் என்பது கதாநாயகனுக்குத் தெரியும், கதாநாயகிக்குத் தெரியாது. அவனால் சொல்லவும் முடியாது. ஒருவரை ஒருவர் நம்ப வேண்டிய இருவருக்கு நடுவே இதைவிட இயல்பான சுவர் வேறு எங்கே கிடைக்கும்?

காதல் பகுதியில் பதிப்பாளர் விதியும் சமூக விதியும் ஒத்துப்போகின்றன. காதல் நாவல் பதிப்பகமான ஹார்லெக்வினின் ‘லவ் இன்ஸ்பயர்ட் சஸ்பென்ஸ்’ வரிசை போன்றவற்றில் சுமார் 55,000 சொற்கள், முதல் பக்கத்திலேயே ஆபத்து, படுக்கையறைக் காட்சி கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது. கல்யாணத்தில் மோதிரமும் இல்லை, முத்தமும் இல்லை. மணப்பெண் தானே தைக்கும் உடை லங்காஸ்டரில் பெரும்பாலும் நீலம். அன்று அணியும் வெள்ளை ஏப்ரனை மடித்து வைத்துவிடுவாள், அவளை அடக்கம் செய்யும்போதுதான் மறுபடி அணிவிப்பார்கள். தொடாமல் நெருக்கத்தைக் காட்டுவதற்குத் தமிழ் வாசகருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

முடிவில்தான் பலர் கணக்கை மறந்துவிடுகிறார்கள். காவல் துறையிலிருந்து வந்த நாயகன் அக்டோபரில் கொலைகாரனைப் பிடிக்கிறான். பின்னுரையில் ‘ஆறு மாதம் கழித்து’ கல்யாணம். நடக்காது. வெளியார் ஒருவர் ஆமிஷ் சபையில் சேர்வது மிக அரிது, சேர்ந்தவர்களும் உண்டு. பதவியையும் துப்பாக்கியையும் ஒப்படைத்துவிட்டு, யாரோ ஒரு குடும்பத்தோடு தங்கி, பால் கறந்து, டாய்ச் கற்றுக்கொண்டு, நிலைத்திருப்பான் என்று சபை நம்பும் வரை பொறுக்க வேண்டும். பிஷப் சம்மதித்தால்தான் வகுப்பு, அதுவும் அடுத்த மே மாதம். எல்லாம் கூடிவந்தாலும் ஞானஸ்நானம் அந்த வருட இலையுதிர் காலத்தில், கல்யாணம் அதற்குப் பின் வரும் நவம்பரில். அதாவது குறைந்தது பதின்மூன்று மாதம். மொழி வராவிட்டால் இன்னும் ஒரு வருடம். இதற்கு நடுவே கொலை வழக்கு விசாரணைக்கு வரும், அவன்தான் முதல் சாட்சி. வகுப்பில் பாதி முடித்திருக்கும் அவன் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்ய மறுத்து உறுதிமொழி கூறுவதைக் கடைசி அத்தியாயத்துக்கு முன் வையுங்கள். கதாநாயகி நீதிமன்றத்துக்கு வர வாடகைக் கார் ஓட்டும் வெளியார் ஒருவரை முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும், மைல் கணக்கில் கட்டணம்.